சித்தப்பாவுக்கு 35 வயதில், அப்பாவுக்கு 63 வயதில்: பார்க்கின்சன் நோய் எனக்கும் வருமா?

கொங்கு வட்டாரத்திலிருந்து 47 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

அவர் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறார். சனி, ஞாயிறுகளில் ஊருக்குச் சென்று மூன்று ஏக்கர் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். அவருடைய தந்தைக்கு 63 வயதில் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. இப்போது 71 வயது. தந்தையின் தம்பிக்கோ 35 வயதிலேயே நடை மாறிவிட்டது. காலையில் எழுந்தவுடன் இடது கால் கட்டைவிரல் தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும். செருப்புப் போட முடியாது. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். 62 வயதிலும் அவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறார். இளவயதில் வந்ததற்குக் குடிதான் காரணம் என்று ஊரில் பேச்சு. தாத்தாவும் பாட்டியும் தாய்மாமன், அக்காள் மகள் உறவில் மணந்தவர்கள். வாசகரின் பெற்றோர் அந்நியத்தில் மணந்தவர்கள்.

வாசகருக்குச் சில மாதங்களாக வலது கை நடுங்குகிறது. தேநீர் டம்ளரைத் தூக்கும்போதும் காசோலையில் கையெழுத்துப் போடும்போதும் நடுக்கம் தெரிகிறது. மடியில் கையை வைத்திருக்கும்போது இல்லை. தலைசுற்றலுக்காக எழுதித்தந்த ஒரு மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே மருந்துக் கடையில் வாங்கி ஒன்றரை ஆண்டாகப் போட்டுவருகிறார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. மகளுக்கு 22 வயது. அவளை அக்கா மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை: இது தொடக்கமா? எச்சிலை அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? மகள் திருமணத்தை நிறுத்த வேண்டுமா? புகைபிடிப்பவர்களுக்கு இந்த நோய் வராது என்கிறார்களே, சிகரெட்டை விட்டது தவறா? அப்பா முப்பது ஆண்டுகள் பயிருக்குப் பூச்சிமருந்து அடித்ததால்தான் வந்தது என்றால், நானும் அடிக்கிறேனே?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு நம்பிக்கைகள் மாறி மாறி வருகின்றன. ஒரு பக்கத்தில், "எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, எனக்கும் வந்தே தீரும்" என்கிறீர்கள். அடுத்த பக்கத்தில், "அப்பா அடித்த மருந்துதான் காரணம், வேறொன்றும் இல்லை" என்கிறீர்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. தனியாக எடுத்துக்கொண்டால் இரண்டுமே உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அதற்கு முன், உங்களை அதிகம் அச்சுறுத்துகிற கை நடுக்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஏனென்றால் நீங்கள் இன்றே செய்யக்கூடிய காரியம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் கையைப் பற்றி

பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்வில் இருக்கும்போது வரும். பேருந்தில் உட்கார்ந்து மடியில் கையைப் போட்டிருக்கும்போது, பீடி சுருட்டுவதுபோல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசையும். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் சற்று நின்றுவிடும். உங்களுக்கு நடப்பது இதற்கு நேர்மாறானது. கையெழுத்தும் ஒரு தடயம். பார்க்கின்சனில் எழுத்து போகப் போகச் சிறுத்து, வரி முடியும்போது எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடும். மற்ற நடுக்கங்களில் எழுத்து சிறுக்காது. பெரிதாக, கோணல்மாணலாக வரும். நீங்கள் கடிதத்தைக் கையாலேயே எழுதி அனுப்பியது நல்லதாயிற்று. முதல் பக்கத்து எழுத்தும் கடைசிப் பக்கத்து எழுத்தும் ஒரே அளவில்தான் இருக்கின்றன. கோடுகளில் மட்டும் அதிர்வு தெரிகிறது. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆயினும் இது உங்களுக்குச் சாதகமான அடையாளமே.

என்னை அதிகம் உறுத்துவது அந்தத் தலைசுற்றல் மாத்திரை. நீங்கள் குறிப்பிட்டிருக்கும் ஃபுளுனரிசினும், அதன் உறவான சின்னரிசினும் மூளையில் டோபமின் செயல்பாட்டைத் தடுக்கக்கூடியவை. உடலசைவைச் சீராக வைக்கும் இந்த வேதிப்பொருள் குறைவதால்தான் பார்க்கின்சன் அறிகுறிகள் வருகின்றன. மாதக்கணக்கில் போட்டால், சிலருக்கு நடுக்கம், உடல் இறுக்கம், நடையில் மந்தம், மனச்சோர்வு ஆகியவை வரும்; அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே தோன்றும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும், மனநோய்க்கான சில மருந்துகளும் இவ்வாறு செய்வதுண்டு. பெரும்பாலானோருக்கு மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ குணமாகிவிடும். எனவே, சீட்டு எழுதிய மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், "இன்னும் இது தேவையா?" என்று கேளுங்கள். கூடவே தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். காபி நோயைத் தடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு நாளொன்றுக்கு ஆறு முறை குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கை நடுக்கத்தைக் கூட்டுவதற்கு அதுவே போதும். இரண்டாகக் குறைத்துப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால், குடும்பத்தில் பரவலாக வரும் வேறொரு சாதாரண நடுக்கமா என்று நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்வார். அது பார்க்கின்சன் அன்று.

அப்பாவின் நோயும் சித்தப்பாவின் நோயும் ஒன்றா?

நீங்கள் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நான் அவற்றைப் பிரித்தே பார்ப்பேன். இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பதை 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க இரட்டையர்கள் ஏறத்தாழ 20,000 பேரை அதில் பார்த்தார்கள். 50 வயதுக்குப் பிறகு நோய் வந்தவர்களிடையே, ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்கும் வெவ்வேறு கருவில் உருவான இரட்டையர்களுக்கும் வேறுபாடு இல்லை. மரபணு மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி அமைந்திருக்காது. ஆனால் 50 வயதுக்குள் நோய் வந்தவர்களில் நிலைமை வேறு: அத்தகைய ஒருகரு இரட்டையர் இணைகள் நான்கே இருந்தன, நான்கிலும் இருவருக்குமே நோய் இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். இருந்தாலும், இளவயதில் வருவதில் மரபணுவின் கை ஓங்கியிருக்கும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன.

35 வயதில் தொடக்கம், காலையில் மடங்கும் கால்விரல், மாத்திரைக்கு நல்ல பலன், 27 ஆண்டுகளாகியும் மெதுவான போக்கு, உறவில் மணந்த பெற்றோர். இவற்றை அடுக்கிப் பார்க்கும் எந்த நரம்பியல் மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'பார்க்கின்' என்னும் மரபணு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1998இல் இதைக் கண்டறிந்தார்கள். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதடைந்தவற்றைக் கண்டு அகற்றும் பணியில் இந்த மரபணு உருவாக்கும் புரதத்துக்குப் பங்குண்டு. அது இல்லையென்றால் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் சீக்கிரம் நலிந்துபோகின்றன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளும் பழுதாக இருந்தால்தான் இந்த வகை நோய் வரும். ஒரு பிரதி மட்டும் பழுதாக இருப்பவர் பொதுவாக நலமாகவே வாழ்ந்து முடிப்பார். நெருங்கிய உறவில் மணம் செய்யும்போது ஒரே முன்னோரின் பழுது இரு பக்கமும் இறங்கிவந்து சந்திக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

இது ஊகமே, பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லலாம்: உங்கள் சித்தப்பாவுக்குக் குடியால் இந்த நோய் வரவில்லை. மது பார்க்கின்சனை உண்டாக்குகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடையாது. தள்ளாடி நடப்பவரைப் பார்த்து ஊர் அப்படி நினைத்திருக்கும். 27 ஆண்டுகளாக அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவரிடம், குடும்பத்தில் யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொன்னால் நல்லது.

உங்கள் தந்தையின் கதை வேறு. 63 வயதில் வருவது இந்த நோயின் வழக்கமான வயது. ஒற்றை மரபணுவின் பழுதால் நேரடியாக வரும் பார்க்கின்சன், மொத்த நோயாளிகளில் 100க்கு 5 முதல் 10 பேரிடம்தான் காணப்படுகிறது. மற்றவர்களிடம் சிறுசிறு மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்து வேலை செய்கின்றன. 2019இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு அத்தகைய வேறுபாடுகளை 90 என்று எண்ணியது. ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டும். அவற்றோடு வயது, சூழல், பழக்கங்கள் ஆகியவை சேர்கின்றன.

இனி உங்கள் சொந்தக் கணக்கு. ஒருவருக்கு வாழ்நாளில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு, பொதுவாக 100க்கு ஒன்று முதல் இரண்டு. தந்தைக்கோ தாய்க்கோ இருந்தால் ஏறக்குறைய இருமடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது 100க்கு நான்கு என்ற அளவில். 'இருமடங்கு' என்ற சொல்லைக் கேட்டுத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். உங்கள் நிலையில் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 96 பேருக்கு இந்த நோய் வராது என்றும் அதே கணக்கைச் சொல்லலாம். சித்தப்பாவுக்கு வந்த வகை உங்களுக்கு வருவதற்கு உங்கள் தாய் வழியிலும் அதே மரபணு பழுதாக இருந்திருக்க வேண்டும், அவர் அந்நியம். அதுவுமின்றி, அந்த வகை பெரும்பாலும் 40 வயதுக்குள் தலைகாட்டிவிடும். நீங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டீர்கள்.

மரபணுவும் மருந்தும் சந்திக்கும் இடம்

பூச்சிமருந்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் ஊர்ப்பேச்சு அன்று. 1982இல் கலிஃபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சிலர் சில நாட்களிலேயே சிலைபோல் உறைந்துபோனார்கள். அந்தச் சரக்கில் கலந்திருந்த எம்பிடிபி என்ற வேதிப்பொருள், மூளையில் டோபமின் அணுக்களைத் தேடிப்போய் அழித்திருந்தது. அது உடலுக்குள் மாறி எடுக்கும் வடிவத்தின் வேதியமைப்பு, பாராகுவாட் களைக்கொல்லியின் அமைப்பை ஒத்திருந்தது. அன்று தொடங்கியது இந்தச் சந்தேகம். அமெரிக்காவில் மருந்து தெளிக்கும் உரிமம் பெற்றவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவின்படி, பாராகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி பயன்படுத்தியவர்களிடம் நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. பிரான்ஸ் நாடு 2012ஆம் ஆண்டு முதல், மருந்தோடு புழங்கிய விவசாயிகளுக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு தருகிறது.

அப்படியானால் உங்கள் தந்தையோடு அதே காட்டில், அதே மருந்தை அதே முப்பது ஆண்டுகள் அடித்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஏன் வரவில்லை? இதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதே அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் ஒரு விடையைத் தந்தார்கள். உடலுக்குள் வரும் நச்சை முறித்து வெளியேற்ற உதவும் ஜிஎஸ்டிடி1 என்ற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே முற்றிலும் இருக்காது. அந்த மரபணு உள்ள ஆண்கள் பாராகுவாட் பயன்படுத்தியபோது ஆபத்து ஒன்றரை மடங்குதான்; இல்லாதவர்கள் பயன்படுத்தியபோது 11 மடங்கு. சிறிய ஆய்வு என்பதால் அந்த 11ஐ அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். அது காட்டும் வழியைப் பாருங்கள். அந்த மரபணு இல்லாத குறை மட்டும் ஒருவரை நோயாளியாக்கிவிடுவதில்லை. மருந்தும் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இரண்டும் ஓர் உடலில் சந்திக்கும்போது கூட்டல் கணக்கு பெருக்கல் கணக்காகிவிடுகிறது. குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளை முறிக்கும் 'பாராக்சோனேஸ்' என்ற நொதி மந்தமாக வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று கலிஃபோர்னியாவின் விவசாயப் பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வுகளும் காட்டின.

ஜிஎஸ்டிடி1 உங்களுக்கு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். இருந்தால் கவலையில்லாமல் மருந்து அடிப்பீர்கள், அது சரியன்று. இல்லையென்று வந்தால் உங்களிடம் நான் சொல்லப்போவது இப்போது சொல்வதையே. பெருக்கல் கணக்கில் ஒரு பக்கத்து எண்ணை உங்களால் மாற்ற முடியாது. மறுபக்கத்து எண் உங்கள் கையில் இருக்கிறது.

நிலத்தை விற்றுவிடச் சொல்ல மாட்டேன். மருந்து எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதைக் கவனியுங்கள். பெரும்பகுதி தோல் வழியாகத்தான். குடத்தில் மருந்தை ஊற்றி வெறுங்கையால் கலக்குவது, ஒழுகும் டேங்கை முதுகில் சுமந்து சட்டை நனைய நனைய அடிப்பது, நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயால் ஊதுவது, காற்றுக்கு எதிரே நடப்பது, அடித்து முடித்ததும் அதே சட்டையோடு வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது. இவற்றில் எத்தனையை நீங்கள் செய்கிறீர்கள் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். ரசாயனம் ஊடுருவாத ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்தவர்களிடம் பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மறைந்துபோனதை மேலே சொன்ன அதே ஆய்வுக் குழு 2015இல் கண்டது. துணிக் கையுறை உதவாது. மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். அடித்த துணியைத் தனியாகத் துவையுங்கள். அந்த வேலை உங்கள் மனைவியின் வெறுங்கைக்குப் போய்விடக் கூடாது. வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி தேவையா என்பதையும் யோசியுங்கள். மூன்று ஏக்கர் வரப்பைப் புல்வெட்டும் இயந்திரத்தால் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

புகை, காபி, நடை

புகைபிடிப்பவர்களிடம் பார்க்கின்சன் குறைவாகக் காணப்படுகிறது என்பது உண்மைதான். பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தபோதும் அதுவே தெரிந்தது. உங்கள் அலுவலக நண்பர் சொன்னது அவ்வளவில் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நிகோடின் ஒட்டுப்பட்டைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. நோயின் போக்கை அது தடுக்கவில்லை. டோபமின் குறையத் தொடங்கும் மூளைக்குப் புகையிலையில் இன்பம் குறைவு, அதனால் பிற்காலத்தில் நோயாளியாகப் போகிறவர் எளிதில் புகையை விட்டுவிடுகிறார் என்ற விளக்கமும் இருக்கிறது. எப்படியிருந்தாலும், 100க்கு நான்கு என்ற வாய்ப்பைக் கொஞ்சம் குறைப்பதற்காக, புகைபிடிப்பவர்களில் பாதிப்பேர் வரை உயிரை எடுக்கும் ஒரு பழக்கத்துக்குத் திரும்புவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. நீங்கள் சிகரெட்டை விட்டதில் வருந்த எதுவும் இல்லை.

காபியும் அப்படியே. ஹவாய்த் தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, காபி குடிப்பவர்களிடம் நோய் குறைவு என்று 2000இல் சொன்னது. வேறு இடங்களிலும் அதே போக்குத் தெரிந்தது. நோய் வந்தவர்களுக்குக் கஃபீன் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது 2017இல் பலன் கிடைக்கவில்லை. பிடித்த அளவு குடியுங்கள். மருந்தாக நினைத்துக் குடிக்க வேண்டாம்.

நான் தயங்காமல் பரிந்துரைப்பது உடற்பயிற்சியைத்தான். மூச்சு வாங்கும் அளவுக்கு உழைப்பவர்களிடம் நோய் குறைவாகக் காணப்படுகிறது. நோய்க்குறி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒருவர் உடலசைவைக் குறைத்திருக்கலாம் என்ற ஐயம் இங்கும் உண்டு. ஆனால் புகையைப்போல் இதில் இழப்பதற்கு எதுவும் இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் உங்கள் சர்க்கரைக்கும் அதுவே மருந்து. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது இரட்டை லாபம். சனி, ஞாயிறு தோட்ட வேலையை வைத்துக்கொண்டு மற்ற ஐந்து நாள் நாற்காலியிலேயே இருப்பது போதாது.

எச்சில் பரிசோதனை வேண்டாம்

வீட்டுக்கு வரும் குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பும் பரிசோதனைகளில் பல, குறிப்பிட்ட சில மரபணு மாற்றங்களை மட்டுமே பார்க்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் வரும் ஒரு மாற்றம். ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்களிடமும் வட ஆப்பிரிக்க பெர்பெர் மக்களிடமும் அதிகம். இந்தியர்களிடம் மிக அரிது. அது இல்லையென்று அறிக்கை வந்தால் உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதிக்குப் பொருளே இல்லை. அதைச் சுமப்பவர்களிலும் கணிசமானோர் 80 வயது வரை நோயின்றி இருக்கிறார்கள் என்பதால், இருந்தால் வரும் பயத்துக்கும் முழுப் பொருள் இல்லை.

பரிசோதனை செய்வதென்றால் முதலில் சித்தப்பாவுக்குத்தான் செய்ய வேண்டும். நோய் உள்ளவரிடம் பழுது எங்கே என்று தெரிந்த பிறகே, நலமாக இருப்பவர்களிடம் அந்த ஒரே இடத்தைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. பார்க்கின் மரபணுவில் எழுத்துப்பிழைகளைவிட, ஒரு பத்தியே விடுபட்டோ இருமுறை அச்சாகியோ இருப்பது சாதாரணம். வழக்கமான வரிசையாக்கம் இதைத் தவறவிடக்கூடும். விடுபட்ட, இரட்டித்த பகுதிகளைக் காட்டும் எம்எல்பிஏ என்ற கூடுதல் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். மரபியல் ஆலோசகர் உள்ள மருத்துவமனையில் செய்வது நல்லது. முடிவு தெரிந்தால் சித்தப்பாவின் மாத்திரை மாறிவிடாது. அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். அது அவருடைய ரத்தம், அவருடைய முடிவு. காப்பீட்டைப் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள். மரபணுத் தகவலை வைத்து ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடுக்க அமெரிக்காவில் 2008இல் வந்ததைப் போன்ற தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை.

மகளின் திருமணம்

இந்தக் கேள்வியைக் கடைசியில், ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கைப் பொறுமையாகப் போடுவோம்.

சித்தப்பாவுக்குப் பார்க்கின் மரபணுவின் இரு பிரதிகளும் பழுது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தந்தையின் நோய் அதனால் வந்ததன்று என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் தந்தை ஒற்றைப் பழுதைச் சுமப்பதற்கான வாய்ப்பு மூன்றில் இரண்டு. அவரிடமிருந்து உங்களுக்கு வர இரண்டில் ஒன்று. உங்களிடமிருந்து மகளுக்கு வர மீண்டும் இரண்டில் ஒன்று. அக்கா வழியில் மருமகப்பிள்ளைக்கும் இதே கணக்கு. மணமக்கள் இருவரும் பழுதைச் சுமப்பதற்கான வாய்ப்பு 24இல் ஒன்று. அப்படிச் சுமந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒன்று. மொத்தம் 96இல் ஒன்று. ஏறக்குறைய 100க்கு ஒன்று. தந்தைக்கும் இரு பிரதிகளும் பழுது என்றால் இது 16இல் ஒன்றாக உயரும். 63 வயதில் நோய் தொடங்கியவருக்கு அது நிகழ்ந்திருப்பதற்கான வாய்ப்பு குறைவு.

எனவே பார்க்கின்சனை மட்டும் காட்டி இந்தத் திருமணத்தை நிறுத்த நான் சொல்ல மாட்டேன். அதே நேரத்தில், பார்க்கின்சன் மட்டுமே கேள்வி என்றும் நினைத்துவிடாதீர்கள். மாமன், அத்தை பிள்ளைகள் மணந்துகொள்ளும்போது குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு, எல்லோருக்கும் உள்ளதைவிட 100க்கு இரண்டு அல்லது மூன்று கூடுதல். உங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கு முன்பும் நெருங்கிய உறவுத் திருமணம் நடந்திருக்கிறது. காது கேளாமை, தலசீமியா, தசைநோய் என்று கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிவரக்கூடியவை பல. நிச்சயத்துக்கு முன் மணமக்கள் இருவரும் மரபியல் ஆலோசகரைப் பார்த்து, ஒற்றைப் பழுதைச் சுமக்கிறார்களா என்று அறியும் 'சுமப்போர் பரிசோதனை' பற்றிப் பேசட்டும். நீங்களும் உங்கள் அக்காவும் பேசி முடித்துவிட்டு அவர்களுக்குத் தகவல் சொல்வதாக இருக்கக் கூடாது. உங்கள் மகளுக்கு 22 வயது. மேலே போட்ட கணக்கை அவளே படித்துப் புரிந்துகொள்வாள்.

இன்னும் சில

தந்தைக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையோடு பூனைக்காலி விதைப் பொடியும் சேர்த்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூனைக்காலியில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் அதைக் கொடுத்த நாட்களில் அவர் சுறுசுறுப்பாக இருக்கிறார். அதனால்தான் மாலையில் உடல் தானாக நெளிகிறது. எந்த நாள் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாத நிலையில் மருத்துவரால் அளவைத் திருத்த முடியாது. அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் பார்க்கின்சன் நோயும் இருக்கிறது. பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால், தந்தையும் சித்தப்பாவும் அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். குடிதான் காரணம் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்த சித்தப்பா, இத்தனை ஆண்டுகளாக இதைக் கேட்காமல் இருந்திருந்தால் வியப்பில்லை.

உங்கள் மனைவியிடம் ஒன்று கேளுங்கள்: தூக்கத்தில் நீங்கள் கனவுக்கு ஏற்பக் கத்துவதோ, கை கால்களை வீசி உதைப்பதோ உண்டா? பார்க்கின்சனுக்கு முன்னோடியாக வரக்கூடிய அறிகுறிகளில், மோப்பம் குறைதல், நாட்பட்ட மலச்சிக்கல் ஆகியவற்றைவிட இது அதிக எடை கொண்டது. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் இதைத் தினமும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதுவரை போட்ட எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்தப்பாவையும் அழைத்துப் போவதாக இருந்தால், அன்று காலை முதல் மாத்திரை போடுவதற்கு முன் அவர் கால்விரல் மடங்கும் காட்சியையும், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து அவர் நடப்பதையும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் உட்காரும் நேரத்தில் அந்த விரல் நேராகிவிட்டிருக்கும்.